எஜமான் கொடுத்த மதம் என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் அமெரிக்கக் கறுப்பின மக்களைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அடிமைக் கப்பல், பருத்திக் காடு, மரத்தில் கட்டித் தூக்கிலிட்ட கும்பல்கள் என்று எல்லாவற்றையும் மனசு பதைக்கிற மாதிரி எழுதியிருந்தார்கள். ஆனால் கடைசிப் பத்திக்கு வந்ததும், இவ்வளவு பட்டும் தங்களை அடிமையாக்கியவனின் மதத்தையே இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறார்களே, உடம்பு விடுதலையாகியும் புத்தி விடுதலையாகவில்லையே என்று ஒரு தீர்ப்பு. அது எனக்கு ஒப்பவில்லை. இதே தீர்ப்பை வேறு வார்த்தைகளில் சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த குடும்பம் என்னுடையது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இடம் போதாது என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், வெர்ஜீனியா சட்டத்தைப் பற்றிச் சொல்லியிருக்கும் இடத்தை மட்டும் தயவுசெய்து வெட்டாதீர்கள்.

கட்டுரையாளர் சொல்வதில் பாதி உண்மை. அந்தப் பாதியை அவர் சொன்னதைவிடக் கடுமையாகவே சொல்ல வேண்டும் என்பது என் எண்ணம். 1564-ல் ஜான் ஹாக்கின்ஸ் ஆப்பிரிக்கக் கரையிலிருந்து ஆட்களைப் பிடித்துக்கொண்டு போன கப்பலின் பெயர் 'ஜீசஸ் ஆஃப் லூபெக்'. இயேசுவின் பெயர் வைத்த கப்பல், அதுவும் இங்கிலாந்தின் எலிசபெத் ராணிக்குச் சொந்தமான கப்பல். இப்படி ஐரோப்பியர்கள் எல்லாருமாக ஏறத்தாழ ஒன்றேகால் கோடி மனிதர்களைக் கப்பலேற்றினார்கள், அதில் 18 லட்சம் பேர் வரை கரையைப் பார்க்காமலே செத்துப்போனார்கள். இதையெல்லாம் செய்தவர்கள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலுக்குப் போனவர்கள்தான்.

நம்மூர்க்காரர்களுக்கு இன்னும் நெருக்கமான ஒன்று சொல்கிறேன். எஸ்.பி.ஜி. (சுவிசேஷம் பரப்ப இங்கிலாந்தில் ஏற்பட்ட மிஷனரிச் சங்கம்) என்றால் திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் தெரியாதவர்கள் இருக்க மாட்டார்கள். மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் அந்தச் சங்கத்து மிஷனரியாகத்தான் இடையன்குடியில் இருந்தார். அந்தச் சங்கத்துக்குப் பார்படோஸ் தீவில் காட்ரிங்டன் என்று கரும்புத் தோட்டம் இருந்தது, 1710-ல் இறந்துபோன ஒரு தோட்ட முதலாளி உயிலில் எழுதி வைத்த சொத்து. தோட்டத்தோடு அங்கிருந்த அடிமைகளும் சங்கத்துக்குச் சொத்தாக வந்தார்கள். அவர்களுடைய நெஞ்சில் 'சொசைட்டி' என்ற சொல்லைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுட்டுப் பதித்தார்கள். சுவிசேஷம் பரப்புவதற்காக ஏற்பட்ட சங்கத்தின் முத்திரை, மனிதத் தோலில். பிரிட்டிஷ் அரசு 1830-களில் அடிமைகளை விடுவித்தபோது நஷ்டஈடு கொடுத்தது சுடப்பட்டவர்களுக்கு இல்லை, சுட்டவர்களுக்கு, இந்தச் சங்கத்துக்கும் சேர்த்து. 2006-ல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றம் அடிமை வணிகத்தில் தன் பங்குக்காக மன்னிப்புக் கேட்டபோது இந்த முத்திரையைப் பற்றியும் அங்கே பேசினார்கள். (கால்டுவெல் சங்கத்தில் சேர்ந்தது 1841-ல், அதற்குள் பார்படோஸில் விடுதலை வந்துவிட்டது. அவர்மீது பழி போட இதைச் சொல்லவில்லை. நமக்கு வேதமும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்த அதே சங்கம் இன்னொரு கரையில் என்ன செய்தது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.)

இப்போது அந்த வெர்ஜீனியா சட்டம். அமெரிக்காவில் ஆங்கிலேயர்கள் குடியேறிய பகுதி அது. ஆரம்பத்தில் அங்கே ஒரு குழப்பம் இருந்தது, ஞானஸ்நானம் வாங்கின ஒருவரை அடிமையாக வைத்திருக்கலாமா என்று. 1656-ல் எலிசபெத் கீ என்ற பெண், தன் தகப்பன் ஆங்கிலேயர், தான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவள் என்றெல்லாம் எடுத்துக்காட்டி வழக்காடி விடுதலை வாங்கிவிட்டார். அந்தக் கதவைத் திறந்து வைத்தால் ஆபத்து என்று தோட்டக்காரர்களுக்குப் புரிந்துவிட்டது. 1662-ல் பிள்ளைக்குத் தாயின் நிலைமைதான் என்று ஒரு சட்டம் போட்டார்கள், அதாவது அடிமைப் பெண்ணுக்கு முதலாளி மூலமாகவே பிள்ளை பிறந்தாலும் அது அடிமை. 1667-ல் ஞானஸ்நானம் ஒருவருடைய அடிமை நிலையை மாற்றாது என்று இன்னொரு சட்டம். ஆத்துமா மோட்சத்துக்குப் போகலாம், உடம்பு தோட்டத்திலேயே கிடக்க வேண்டும்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 1950-ஆம் வருடத்துக் குடியரசுத் தலைவர் ஆணைதான் ஞாபகத்துக்கு வரும். பட்டியல் சாதி என்ற தகுதி இந்துவாக இருப்பவருக்கு மட்டும் என்று அதில் போட்டார்கள், 1956-ல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-ல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியேதான் நிற்கிறார்கள். வெர்ஜீனியாவில் தலையில் தண்ணீர் பட்டாலும் எதுவுமே மாறாது என்றார்கள். இங்கே தண்ணீர் பட்ட உடனே எல்லாம் மாறிவிட்டது, சாதி போய்விட்டது, சலுகையும் போய்விட்டது என்கிறார்கள். ஆனால் ஊருக்குள் வீடு வாடகைக்குக் கேட்டால் சாதி போகவில்லை, சில இடங்களில் கல்லறைத் தோட்டத்தில்கூடப் போகவில்லை, திருச்சி மேலப்புதூரில் கல்லறைக்குள்ளேயே குறுக்கே ஒரு சுவர் நின்றது நாடறிந்த கதை. இனவெறியும் சாதியும் ஒன்று என்று நான் சொல்லவில்லை, இரண்டும் வந்த வழி வேறு. ஆனால் இரண்டு இடத்திலும் ஒரு மனிதருடைய நம்பிக்கை அவரை என்னவாக ஆக்குகிறது என்பதை அவரைக் கேட்காமல் ஆள்பவர்கள் முடிவு செய்திருக்கிறார்கள். ஒடுக்குமுறை அடையாளத்தை உருவாக்குகிறது என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறோமே, அது நடக்கிற விதம் இதுதான்: ஒரு சட்டப் பிரிவு, ஒரு பதிவேடு, ஒரு சான்றிதழ்.

சரி, இவ்வளவு கொடுமையோடு வந்த மதத்தை ஏன் அவர்கள் தூக்கி எறியவில்லை என்று கேட்பது நியாயம்தானே? நியாயமான கேள்விதான். பதிலுக்கு ஒரு புத்தகத்தைப் பார்ப்போம்.

1807-ல் லண்டனில், மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்கென்றே ஒரு பைபிள் அச்சடித்தார்கள். முழு பைபிளில் 1,189 அதிகாரங்கள் உண்டு, இதில் 232-தான். யோசேப்பை அண்ணன்மார் அடிமையாக விற்ற கதை இருக்கும், அவன் அங்கே போய் ஒழுங்காக வேலை செய்து முன்னுக்கு வந்ததும் இருக்கும். எகிப்தில் அடிமைகளாக இருந்த மக்களுக்காக மோசே, பார்வோன் அரசன் முன்னால் போய் நின்று என் ஜனங்களைப் போகவிடு என்று கேட்கிற பகுதி இருக்காது. அவர்கள் செங்கடலைக் கடந்து தப்பியது இருக்காது. கிறிஸ்துவுக்குள் அடிமையென்றும் சுதந்தரன் என்றும் இல்லை என்று ஆதிக் கிறிஸ்தவப் போதகர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய கடிதத்தில் வருவது இருக்காது. எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்று எபேசியருக்கு எழுதியது பத்திரமாக இருக்கும். சில வருடங்களுக்கு முன்னால் வாஷிங்டனில் உள்ள பைபிள் அருங்காட்சியகம் இதைக் காட்சிக்கு வைத்திருந்தது.

கட்டுரையாளர் இந்தப் புத்தகத்தைப் பார்த்தால், பாருங்கள், மதம் எப்படி ஆயுதமானது என்று சொல்வார். நான் பார்ப்பது வேறு. அந்தப் புத்தகம் அடிமைத்தனத்துக்கு முழுக்க முழுக்கச் சாதகமாக இருந்திருந்தால் ஐந்தில் நான்கு பங்கை ஏன் வெட்ட வேண்டும்? தோட்டத்துக் கொட்டடியில் ஒருவர் அந்தப் பக்கங்களைப் படித்தால் என்ன நடக்கும் என்று வெட்டினவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. பயந்த மாதிரியே நடந்தும் விட்டது. படிக்கத் தெரியாத மக்கள், படிக்கக் கற்றுக்கொடுப்பதே அமெரிக்காவின் பல தென்மாநிலங்களில் சட்டப்படி குற்றம் என்று இருந்த இடத்தில், வெட்டப்பட்ட பகுதிகளைத்தான் தேடித் தேடி மனப்பாடம் செய்தார்கள். ஆட்களை இரவோடு இரவாக வடக்கே கூட்டிக்கொண்டு போன ஹாரியட் டப்மனுக்கு அவர்கள் வைத்த பெயரே மோசே.

எப்படிச் செய்தார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. 1930-களில், உயிரோடு இருந்த முன்னாள் அடிமைகளைத் தேடிப்போய் 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்களை அமெரிக்க அரசுத் திட்டம் ஒன்றில் எழுதி வைத்தார்கள். பகலில் வெள்ளைக்காரப் போதகர் வந்து, திருடாதே, முதலாளி சொன்னதைக் கேள் என்று பிரசங்கம் செய்துவிட்டுப் போவார். ராத்திரி அவர்கள் காட்டுக்குள், ஓடைப் பக்கம் கூடுவார்கள். சத்தம் வெளியே போகாமலிருக்க ஈரத் துணிகளையும் போர்வைகளையும் மரக்கிளைகளில் சுற்றித் தொங்கவிடுவார்கள். குடிசைக்குள் கூடினால் வாசலில் ஒரு பெரிய இரும்புச் சட்டியைக் கவிழ்த்து வைப்பார்கள், சத்தத்தை அது வாங்கிக்கொள்ளும் என்று நம்பிக்கை. பிடிபட்டால் சவுக்கடி. அங்கே அவர்கள் வட்டமாக நின்று, காலைத் தரையில் தேய்த்து, கைதட்டிப் பாடி ஆடியது ஆப்பிரிக்காவிலிருந்து உடம்பிலேயே வந்த ஆட்டம், எந்த மிஷனரியும் சொல்லிக்கொடுத்தது இல்லை. கப்பலில் பெயரைப் பிடுங்கினார்கள், மொழியைப் பிடுங்கினார்கள், ஒரே ஊர்க்காரர்களைப் பிரித்து விற்றார்கள், உடம்புக்குள் இருந்த தாளத்தை மட்டும் பிடுங்க முடியவில்லை. முதலாளியின் கோயிலுக்கும் இதற்கும் பொதுவாக இருந்தது ஒரு சில பெயர்கள்தான். இதைப் போய் எஜமான் கொடுத்தது என்று எப்படிச் சொல்வது?

ஹோவர்ட் தர்மன் என்று ஒரு போதகர், 1899-ல் ஃபுளோரிடாவில் பிறந்தவர். அவரை வளர்த்த பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, பேரன்தான் பைபிள் வாசித்துக் காட்ட வேண்டும். சங்கீதம் வாசி என்பாராம், ஏசாயா வாசி என்பாராம், சுவிசேஷங்களைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொல்வாராம். பவுலின் நிருபங்களை மட்டும் வாசிக்கவே விடமாட்டார், அன்பைப் பற்றி வரும் ஒரே ஒரு அதிகாரம் தவிர. பெரியவனான பிறகு ஒருநாள் தைரியமாகக் காரணம் கேட்டிருக்கிறார் பேரன். தோட்டத்தில் இருந்தபோது வெள்ளைக்காரப் போதகர் வருடத்துக்கு மூன்று நான்கு தடவையாவது அடிமைகளே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள் என்கிற பவுலின் வசனத்தைத்தான் எடுத்துப் பேசுவார், எனக்கு விடுதலை கிடைத்து நான் படிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை வாசிக்கவே மாட்டேன் என்று அப்போதே சபதம் எடுத்தேன் என்றாராம் பாட்டி. லண்டனில் கத்திரிக்கோல் பிடித்தவர்களுக்கு இந்தப் பாட்டி எந்த விதத்தில் குறைந்தவர்? அவரும் வெட்டினார், ஆனால் தன் பக்கத்திலிருந்து வெட்டினார்.

அந்தப் பாட்டி இன்னொன்றும் சொல்வாராம். எப்போதாவது பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு கறுப்பின அடிமைப் போதகர் வர அனுமதி கிடைக்கும். அவர் எதைப் பற்றிப் பேசினாலும் முடிக்கும்போது எல்லார் முகத்தையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, நீங்கள் அடிமைகள் இல்லை, கடவுளின் பிள்ளைகள் என்று சொல்லி முடிப்பாராம். இதைச் சொல்லும்போது பாட்டியின் முதுகு நிமிர்ந்துவிடும் என்று தர்மன் எழுதியிருக்கிறார்.

என் பாட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை. செங்கல்பட்டுப் பக்கத்துக் கிராமம், சின்ன ஓட்டுக் கூரைக் கோயில். ஆராதனையில் அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்துக்கு ஊர்த்தெருக்காரர்கள் எல்லாரும் முழங்கால் போட்டு வாங்கி முடித்து இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எங்கள் தெருக்காரர்கள் எழுந்து போக வேண்டும். அப்படி ஒரு விதி எங்கேயும் எழுதி வைத்திருக்கவில்லை, ஆனால் எங்கள் வீட்டு ஐந்து வயதுப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் எப்போது எழ வேண்டும் என்று. அப்படிப்பட்ட இடத்துக்கு ஏன் பாட்டி போனார்? படிக்கத் தெரியாத அவருக்கு இயேசுவின் தாய் மரியாள் பாடினதாக பைபிளில் வரும் பாட்டு முழுசாக மனப்பாடம். பலவான்களை ஆசனத்திலிருந்து தள்ளியதும், பசியாயிருந்தவர்களை நிரப்பியதும், பணக்காரர்களை வெறுங்கையோடு அனுப்பியதும் வருகிற பாட்டு. களை எடுக்கும்போது அதைத்தான் சொல்வார், நிலத்துக்காரர் வரப்பில் நிற்கும்போது குரலைக் குறைக்க மாட்டார். இந்த மனுஷியை ரொட்டிக்கும் பால் பவுடருக்கும் மதம் மாறினவர் என்று எங்களூர்ப் பள்ளிக்கூடத்தில் ஒரு வாத்தியார் வகுப்பிலேயே சொன்னார். அதனால்தான் அடிமைப் புத்தி என்ற தொனியில் யார் எழுதினாலும் என்னால் சும்மா இருக்க முடிவதில்லை.

தர்மனுக்கே இந்தக் கேள்வி வந்தது. 1935-ல் அவர் ஒரு குழுவோடு இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தார், அடுத்த வருடம் பர்தோலியில் காந்தியைச் சந்தித்தார். அதற்கு முன் கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் ஒருவர் அவரைத் தனியாக உட்கார வைத்து, உங்கள் ஜனங்களைப் பிடித்துக் கொண்டு போனவர்கள் கிறிஸ்தவர்கள், வாங்கினவர்கள் கிறிஸ்தவர்கள், இன்றைக்கு மரத்தில் தொங்கவிடுகிறவர்களும் கிறிஸ்தவர்கள், அந்த மதத்தின் பிரதிநிதியாக நீங்கள் இங்கே வந்து நிற்கிறீர்களே, உலகத்தின் கறுத்த மக்களுக்கெல்லாம் நீங்கள் துரோகி இல்லையா என்று நேருக்கு நேர் கேட்டுவிட்டார். உங்கள் கட்டுரையாளர் கேட்பதும் இதையேதான். தர்மன் கோபப்படவில்லை, பல வருடம் அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு திரிந்து 1949-ல் ஒரு புத்தகமாகப் பதில் எழுதினார். இயேசு ஓர் ஏழை யூதர், ரோம ஆட்சிக்குக் கீழே குடியுரிமை இல்லாத ஜாதியில் பிறந்தவர், முதுகு சுவரில் முட்டி நிற்கிறவர்களுக்கு அவர் என்ன சொன்னார் என்பதுதான் கேள்வி என்பது அவர் பதிலின் சாரம். சபைகள் செய்ததற்கு அவர் வக்காலத்து வாங்கவே இல்லை. அவருக்கு நூறு வருடம் முன்னால், அடிமையாக இருந்து தப்பி வந்த பிரெடரிக் டக்ளஸ் இன்னும் காரமாகச் சொல்லிவிட்டார். கை தீயில் வெந்து வேலை செய்ய முடியாமல் போன ஓர் இளம்பெண்ணைத் தன் எஜமான் கட்டி வைத்து அடித்ததையும், அடித்துக்கொண்டே வேத வசனம் சொன்னதையும் 1845-ல் எழுதினார். இந்த நாட்டின் கிறிஸ்தவத்துக்கும் கிறிஸ்துவின் கிறிஸ்தவத்துக்கும் சம்பந்தமே இல்லை என்று அவர் சொன்னது புத்தகம் படித்துச் சொன்னது இல்லை.

இன்னொன்றையும் கட்டுரை தொடவே இல்லை. அவர்கள் தங்களுக்கென்று சபைகளைக் கட்டினார்கள். பிலடெல்பியாவில் வெள்ளையர் சபையில் முழங்காலில் நின்று ஜெபித்துக்கொண்டிருந்தவர்களைப் பாதி ஜெபத்தில் பிடித்து இழுத்து எழுப்பினார்கள், அதோடு ரிச்சர்ட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் மொத்தமாக வெளியேறினார்கள், 1816-ல் ஆப்பிரிக்க மெத்தடிஸ்ட் எபிஸ்கோபல் சபை என்று தனியாகவே ஒரு சபை உருவானது. அப்புறம் பள்ளிக்கூடம், பத்திரிகை, இறந்தவர்களை அடக்கம் செய்ய நிதி, ஓட்டுரிமைக் கூட்டம் எல்லாமே அந்தக் கூரைகளுக்குக் கீழேதான் நடந்தன. நீங்கள் பத்திரிகைக்காரர் என்பதால் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். விடுதலைக்குப் பிறகு நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்த ஒரு கிறிஸ்தவ வாரப் பத்திரிகையில், காணாமல்போன உறவினர்களைத் தேடும் பகுதி என்று ஒன்று பல வருடம் வந்தது. ஒவ்வொன்றும் ஆசிரியருக்கு எழுதின கடிதம். ஆசிரியர் அவர்களுக்கு, என் தாயைப் பற்றி விசாரிக்க விரும்புகிறேன், நாங்கள் இன்னாருக்குச் சொந்தமாக இருந்தோம், என்னை இன்ன ஊரில் விற்றபோது என் தம்பி கைக்குழந்தை, என்று போகும். போதகர்கள் இதைத் தங்கள் சபையில் மேடையிலிருந்து வாசித்துக் காட்டும்படி அந்தப் பத்திரிகை கேட்டுக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பெயர்ப் பட்டியல் வாசிக்கப்படும், பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஒருவர் அது என் மகன் என்று எழ மாட்டாரா என்று. இருபது முப்பது வருடம் கழித்தும் தேடியிருக்கிறார்கள். அந்தச் சபை அவர்களுக்கு என்னவாக இருந்தது என்று இதைவிட எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

வெள்ளை வெறியர்களுக்கு அது புரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் திரும்பத் திரும்பக் கறுப்பினக் கோயில்களைத் தேடி எரித்தார்கள். 1963 செப்டம்பரில் பர்மிங்காமில் ஞாயிறு காலை குண்டு வைத்து நான்கு சிறுமிகளைக் கொன்றார்கள். 2015 ஜூனில் சார்லஸ்டன் இமானுவேல் சபையில் வேதபாட வகுப்பில் தங்களோடு உட்கார இடம் கொடுத்தவர்களில் ஒன்பது பேரை ஒருவன் சுட்டுக் கொன்றான்.

இதனால் எல்லாரும் கிறிஸ்தவர்களாகவே இருந்தார்கள், இருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உதறிவிட்டுப் போனவர்களும் இதே கதையின் ஆட்கள்தான். மால்கம் எக்ஸ் பாப்டிஸ்ட் போதகரின் மகன், சிறையில் இருந்தபோது நேஷன் ஆஃப் இஸ்லாம் என்ற கறுப்பின முஸ்லிம் இயக்கத்தில் சேர்ந்து, அடிமை முதலாளி வைத்த குடும்பப் பெயரை அழித்துவிட்டு அந்த இடத்தில் 'எக்ஸ்' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டுக்கொண்டார், 1964-ல் மக்கா போய்வந்து அந்த இயக்கத்தின் போதனைகளையும் தாண்டிப் போனார். அதே வருடம் குத்துச்சண்டை வீரர் காஷியஸ் கிளே முகமது அலி ஆனார். 1980-ல் அவர் சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் காட்சிப் போட்டியில் கையுறை மாட்டி நின்றதை இன்னமும் சொல்லிச் சொல்லி மாய்கிற பெரியவர்கள் வடசென்னையில் நிறைய உண்டு. அவர் ஏன் பெயரை மாற்றினார் என்று அவர்களில் யாராவது நமக்குச் சொல்லியிருக்கிறார்களா? எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வின் 14 வயதிலேயே நியூயார்க்கின் ஹார்லெமில் பிரசங்கம் செய்தவர், 17 வயதில் கோயிலை விட்டு வெளியேறியவர். ஆனாலும் அவர் எழுதுகிற வாக்கியத்தில் பிரசங்க மேடையின் மூச்சு கடைசிவரை போகவில்லை.

அவர்கள் தங்கள் சொந்த மதத்துக்குத் திரும்பலாமே என்று போகிறபோக்கில் கட்டுரையில் ஒரு வரி வருகிறது. எந்தச் சொந்த மதம்? கப்பலில் ஏற்றப்பட்டவர்களில் மேற்கு ஆப்பிரிக்க இனத்தவரான யொரூபாக்கள் இருந்தார்கள், ஆகான்கள் இருந்தார்கள், ஏற்கனவே கிறிஸ்தவர்களாக இருந்த கொங்கோ நாட்டவர்கள் இருந்தார்கள். அந்தக் கொங்கோவின் மன்னர் அஃபோன்சோ, அவரும் கிறிஸ்தவர், தன் மக்களைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள் என்று 1526-லேயே போர்ச்சுகல் ராஜாவுக்குப் புகார்க் கடிதம் எழுதினார். எத்தியோப்பியாவில் நான்காம் நூற்றாண்டிலேயே அரசர் எசானா கிறிஸ்தவரானார், அப்போது அமெரிக்கா என்று ஒரு பெயரே கிடையாது. முஸ்லிம்களும் நிறைய இருந்தார்கள். செனகல் பக்கத்து ஃபூட்டா டோரோவில் படித்து வளர்ந்த உமர் இப்னு சயீத் 1807-ல் பிடிபட்டு சார்லஸ்டனில் விற்கப்பட்டார், 1831-ல் தன் வாழ்க்கையை அரபியில் எழுதினார், ஆட்சியெல்லாம் இறைவன் கையில் என்று தொடங்கும் குர்ஆன் அத்தியாயத்தோடு அதை ஆரம்பித்தார். ஒரு மனிதனை இன்னொரு மனிதன் சொந்தம் கொண்டாடும் நாட்டில் உட்கார்ந்துகொண்டு அந்த அத்தியாயத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். (அரபு வணிகர்களும் பல நூற்றாண்டு ஆப்பிரிக்கர்களை அடிமைகளாக விற்றார்கள் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.) ஹைத்தியில் 1791 எழுச்சி ஆப்பிரிக்க வழிபாட்டிலிருந்து வந்த வோடு மதத்தின் சடங்கோடு தொடங்கியதாகச் சொல்வார்கள், 1804-ல் அந்த நாடு சுதந்திரம் வாங்கிவிட்டது. 1888 வரை அடிமைமுறை இருந்த பிரேசிலில் யொரூபா தெய்வங்களைக் கத்தோலிக்கப் புனிதர்களின் பெயருக்குப் பின்னால் வைத்துக் காப்பாற்றினார்கள். ஆக, கறுப்பின மக்களுக்கு வழிவழியாக வந்த மதம் எது என்று வெளியாள் ஒருவர் விரல் நீட்டிக் காட்டவே முடியாது.

நம் சென்னையிலேயே இதே தேடல் நடந்திருக்கிறதே. அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையில் உட்கார்ந்துகொண்டு, நாங்கள் ஆதியில் பௌத்தர்கள், எங்களைத் தாழ்த்தியது பிறகு வந்தவர்கள் என்று 'ஒரு பைசாத் தமிழன்' பத்திரிகையில் வாரம்தோறும் எழுதினார். கறுப்பின மக்களே ஆதி முஸ்லிம்கள் என்று 1930-ல் டெட்ராய்ட்டில் ஒரு இயக்கம் பேச ஆரம்பிப்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார், ஒருவரைப் பற்றி ஒருவர் அறிந்ததற்கு வழியே இல்லை. ஆனாலும் யோசனை ஒன்றுபோலப் போகிறது, உன் இழிவு உன் பூர்வீகம் இல்லை, உன் பூர்வீகம் வேறு என்று. இரட்டைமலை சீனிவாசன் மதம் மாறுவதை ஏற்கவில்லை. அம்பேத்கர் 1956-ல் பௌத்தம் போனார். என் பாட்டி கோயிலில் கடைசியாக எழுந்து போனார். இவர்களில் யார் விடுதலையானவர், யார் அடிமைப் புத்திக்காரர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது.

கறுப்பினச் சபைகளையும் குறை சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லத்தான் வேண்டும், குறிப்பாகப் பெண்கள் விஷயத்தில். பெஞ்சு நிறையப் பெண்கள், மேடை முழுக்க ஆண்கள். ஜெரீனா லீ என்ற பெண் பிரசங்கம் செய்ய அனுமதி கேட்டபோது முதலில் மறுத்தவர் அதே ரிச்சர்ட் ஆலன்தான், 1819-ல்தான் மனம் மாறினார். அந்தச் சபையில் முதல் பெண் பேராயர் வந்தது 2000-ல். நம் தென்னிந்தியத் திருச்சபைக்கு 2013 ஆனது. இன்றைக்கு அமெரிக்கக் கறுப்பின மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் எந்த மதமும் இல்லை என்கிறார்கள், இளைஞர்களில் இன்னும் அதிகம். அவர்கள் போவதும் ஒரு பதில்தான், அதையும் யாரும் துரோகம் என்று சொல்லக் கூடாது.

1959-ல் மார்ட்டின் லூதர் கிங் இந்தியா வந்தபோது திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போனார். தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் சக தீண்டத்தகாதவர் என்று அறிமுகப்படுத்தினாராம். முதலில் அதிர்ந்துபோனவர், யோசித்துப் பார்த்துவிட்டு ஆமாம், நானும் அப்படித்தான் என்று ஏற்றுக்கொண்டதைப் பின்னாளில் தன் சபையில் பிரசங்கமாகவே சொன்னார். அந்தப் பயணத்தில் அவர் சென்னைக்கும் வந்திருக்கிறார்.

கட்டுரையின் இரண்டாம் பகுதி அடுத்த வாரம் என்று போட்டிருக்கிறீர்கள். அதில் அந்தத் தீர்ப்பை நீக்கச் சொல்லவில்லை, கட்டுரையாளரின் கருத்து அவருடையது. ஆனால் அந்த மக்களே இந்தக் கேள்விக்கு இருநூறு வருடமாகச் சொல்லிவரும் பதில்களில் டக்ளஸ், தர்மன், மால்கம் மூன்றையாவது எடுத்துப் போடச் சொல்லுங்கள், ஒருவருக்கொருவர் ஒத்துப்போகாத பதில்கள்தான், அப்படியே போடட்டும். கூடவே 1950 ஆணையைப் பற்றியும் உங்கள் நிருபர் ஒருவரை எங்கள் பக்கம் அனுப்பி எழுதச் சொல்லுங்கள். பெரம்பூர், வியாசர்பாடி, புளியந்தோப்பு சபைகளில் இதற்காகப் பல வருடமாக மனு எழுதிக்கொண்டிருக்கும் பெரியவர்கள் இருக்கிறார்கள், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் வந்தால் உட்கார்ந்து பேசுவார்கள், ஆவணங்களும் கையில் வைத்திருக்கிறார்கள். யாரைப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை.